எது முடியல?

டிரில் மாஸ்டர் களைத்துப்போய்விட்டார் என்றால் யார் நம்புவார்கள்? தீயணைப்பு வண்டி தீப்பிடித்து எரிகிறது என்று சொல்வது மாதிரிதான் அது. ஆனால் பாவம், உண்மை. ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. போகும்போது அவருடைய தெம்பையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும். படுத்து எழுந்தாலும் அசதி அப்படியே இருக்கும். எல்லாச் சோதனையும் செய்து பார்த்த பெரிய டாக்டர், இது நாள்பட்ட சோர்வு நோய் என்றார்.

"சோம்பேறித்தனத்துக்குக்கூட இப்ப டாக்டருங்க பேர் வெச்சுட்டாங்களா அக்கா?" என்று கேட்டான் மாஸ்டரின் மைத்துனன்.

அவனை ரொம்பவும் திட்ட முடியாது. பள்ளியில் அவரிடமே படித்தவன் அவன். மைதானத்தைச் சுற்றி ஓடும்போது எந்தப் பையனாவது நாக்குத் தள்ளி, "சார், முடியல" என்றால் போதும், மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பார்: "எது முடியல? மைதானமா? அது வட்டமா இருக்குடா, எப்படி முடியும்? ஓடு!" இதைக் கேட்டுக் கேட்டே மைத்துனனின் கால்கள் முருங்கைக்காய் ஆயின. அந்த வயிற்றெரிச்சல் அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் தீரவில்லை.

பெரிய டாக்டர் மாஸ்டரை ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா கொடுப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று கதவில் எழுதியிருந்தது. களைத்த மனிதனுக்கு இவ்வளவு நீளப் பெயரா என்று மாஸ்டர் பாதி படித்ததுமே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் மனப்பிரமைன்னு சொல்லப் போறீங்களா மேடம்?" என்று உள்ளே போனதும் கேட்டார்.

"இல்ல சார். நோய் உடம்புலதான் இருக்கு. நாம பேசுற பேச்சு அதைக் குணமாக்கிடும்னும் சொல்ல மாட்டேன். நீங்க அதோட போடுற சண்டையில அடி யாருக்கு விழுதுன்னு பாக்கலாம். கொஞ்சம் தெம்பு வந்தா என்ன செய்வீங்க?"

"பரணைச் சுத்தம் பண்ணுவேன்."

"அப்புறம்?"

"படுத்துடுவேன்."

"எவ்வளவு நாள்?"

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். அவர் மகளுக்கு வீட்டில் வாத்து என்று பெயர், தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். அவளுடைய நீச்சல் போட்டிகள் இரண்டுமே அவருக்கு இப்படித்தான் போயின. முதல் போட்டிக்கு முந்தின நாள் பரண், இரண்டாவதற்கு முந்தின நாள் தண்ணீர்த் தொட்டி. விடிந்ததும் தலையைத் தூக்க முடியவில்லை. "பரவாயில்லப்பா" என்று அவள் சொன்ன விதம் அவரை இன்னும் குத்திக்கொண்டிருந்தது. வருகிற சனிக்கிழமை இந்த வருஷத்தின் கடைசிப் போட்டி.

"போதும்னு உடம்பு சொல்றப்ப மனசுல என்ன ஓடும் சார்?"

மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. "ஒருத்தன் விசில் அடிப்பான்."

"யாரு?"

"நான்தான் மேடம்."

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மத்தவங்ககிட்ட 'முடியாது'ங்கிற எண்ணத்தைச் சோதிச்சுப் பாக்கச் சொல்வேன். உங்களுக்கு நேர்மாறு. தெம்பு இருக்கறப்பவே 'முடியல'ன்னு சொல்லிப் பாதியில நிறுத்துங்க. வீட்டுல தினமும் சொல்லிப் பழகணும்."

என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை. கண்ணாடி முன்னால் நின்று "மு... மு..." என்று திணறினார். மனைவி வெந்நீர்ப் பையோடு ஓடி வந்தாள். "முதுகாங்க? முதுகு வலிக்குதா?"

"முட்டை கேக்கறார்மா," என்றாள் வாத்து.

கடைசியில் வெங்காயம் உரிக்கும்போது ஒருவழியாகச் சொல்லிவிட்டார். "சரி, மீதியை நான் உரிச்சுக்கறேன்," என்று மனைவி கத்தியை வாங்கிக்கொண்டாள். ஆகாயம் இடிந்து விழவில்லை. மாஸ்டருக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைத்துனன் வந்தான். மாடியில் சும்மா கிடந்த இரும்பு பீரோவை அக்கா அவனுக்குக் கொடுத்திருந்தாள்.

"மாமா, ஒரு கை பிடிங்க."

அன்றைக்கென்று பார்த்து மாஸ்டருக்கு நல்ல தெம்பு. மண்டைக்குள் விசில் ஊதியது. கை தானாகப் பீரோவின் அடியில் போய்விட்டது. நீச்சல் கண்ணாடியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த வாத்து நிமிர்ந்து பார்த்தாள்.

மாஸ்டர் கையை எடுத்தார். "மாப்ளே, முடியல."

மைத்துனன் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாக அவன் காத்திருந்த நேரம் அல்லவா! "எது முடியல மாமா? பீரோவா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, எப்படி முடியும்?"

மாஸ்டரின் காது மடல் சுட்டது. "இப்ப தூக்க முடியும். தூக்கினா நாளைக்கு எழுந்திரிக்க முடியாது. அதனால இன்னைக்கே முடியல."

இந்த இலக்கணம் மைத்துனனுக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. "டேய், அவருக்கு முடியலைன்னா முடியலதான். ஆள் கூட்டிட்டு வந்து எடு."

"ஆள் எதுக்கு?" என்று மைத்துனன் ரோஷத்தோடு பீரோவைக் கட்டிப்பிடித்தான். படியில் கொஞ்ச தூரம் இறங்கியதும் அவன் இடுப்பில் ஒரு சத்தம் கேட்டது. மீதிப் படிகளைப் பீரோ தனியாகவே இறங்கிக்கொண்டது.

சனிக்கிழமை காலை அவன் கூடத்தில் மல்லாந்து கிடந்தான். "மாமா... முடியல."

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மனைவி கண்ணாலேயே அதட்டியும் அடங்கவில்லை. "எது முடியல மாப்ளே?" என்று தேன் வழியக் கேட்டார்.

"ஓடச் சொல்லிடாதீங்க மாமா!"

சிரித்து முடித்தபோது மாஸ்டருக்குக் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. இதே முகத்தை அவர் மைதானத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறார்! அவன் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டு, "நீ படு, நான் நம்பறேன்," என்று சொல்லிக் கிளம்பினார். விசில் ஆணியிலேயே தொங்கியது.

நீச்சல் குளத்தின் ஓரம், நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போட்டி முழுவதையும் பார்த்தார். எழுந்து கத்தவில்லை. வாத்து எல்லோருக்கும் பின்னால், எல்லோரும் துண்டு போர்த்திக்கொண்ட பிறகு வந்து சேர்ந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவரிடம் வந்து நின்றாள்.

"அப்பா... முடியல."

உள்ளே இருந்தவன் விசிலை வாயில் வைத்தான். மாஸ்டர் முந்திக்கொண்டார். "தெரியும்மா. உக்காரு," என்று நகர்ந்து பாதி நாற்காலியைக் கொடுத்தார்.

"கடைசியாத்தான்பா வந்தேன்."

"ஆமா, பாத்தேன்," என்றார் மாஸ்டர்.

வாத்து ஈரத்தலையை அவர் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.