தை ஒன்பது

“ரெண்டு வரிசை நிக்குது. ரெண்டுலயும் குள்ளமானவங்கள்லேந்து உசரமானவங்க வரைக்கும் ஒழுங்கா நிக்கறாங்க. ஒரே வரிசையாக்கணும். இன்னா பண்ணுவ?”

“எல்லாரையும் கலைச்சிட்டு மொதல்லேந்து நிக்க வெப்பேன்.”

“கிழிச்ச. பொழுது போய்டும். முன்னாடி நிக்கற ரெண்டு பேர மட்டும் பாரு. அதுல யாரு குள்ளமோ அவங்கள இட்டாந்து புது வரிசைல வுடு. அப்பறம் மறுபடியும் முன்னாடி நிக்கற ரெண்டு பேரு. அவ்ளோதான் கணக்கு.”

“மலைக்காரங்க வரிசைல ஆளே வந்து சேரலன்னா?”

“இன்னாது?”

“உங்க பஸ்ஸு என்னிக்கி நேரத்துக்கு வந்திருக்கு?”

கள்ளக்குறிச்சியில் நாங்கள் எம்.சி.ஏ. படித்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பில் ராஜதுரை இதை எனக்குச் சொல்லிக்கொடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனுக்கு ஊர், கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி. எனக்கு நைனார்பாளையம். முதல் வகுப்புக்கு அவன் ஒருநாளும் நேரத்தில் வந்ததில்லை. “பஸ்ஸுதான் லேட்டு, நான் இல்ல” என்பான். நம்பியதுபோல் தலையாட்டிவிட்டுத் தோழிகளோடு சேர்ந்து சிரிப்பேன். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

மலையில் அவன் வீட்டில் ஓராண்டு இருந்தேன். அவன் அங்கே பள்ளிக்கூட ஆசிரியர். எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற மென்பொருள் வேலை. அங்கே சிக்னல் கிடைக்காமல் போன் எடுத்துக்கொண்டு பாறை பாறையாக ஏறுவேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், “ஆறே மாசம் கீழ இருந்து வேலை பாக்கறேன்” என்று பெட்டியைக் கட்டினேன். ஆறு மாதம் மூன்றரை ஆண்டானது. ஞாயிறுதோறும் அவன் கீழே வருவான். சண்டையெல்லாம் இல்லை. “எப்ப வரணும்னு தோணுதோ அப்ப சொல்லு. நானா கூப்ட்டு நீ வந்ததா இருக்க வேணாம்” என்று ஒரே ஒருமுறை சொன்னான். பிறகு மலையில் டவரும் வந்துவிட்டது. கீழே இருப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் ‘வரட்டுமா’ என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஞாயிறும் அது தொண்டை வரைக்கும் வரும். கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

சென்ற தை மாதம் ஓர் அறக்கட்டளை இலவசக் கண்புரை ஆபரேஷனுக்குப் பெயர் பதியத் தொடங்கியது. கீழே உள்ளவர்களின் பெயரை அவர்களே பதிந்தார்கள். மலையில் பதிந்தவன் ராஜதுரை. பங்குனி முடியும்போது கீழே நூற்றுப் பதினெட்டுப் பேர், மேலே நாற்பத்தொரு பேர். முதலில் பதிந்தவருக்கு முதலில் ஆபரேஷன் என்பது விதி. இரண்டு பட்டியலையும் தேதிப்படி ஒன்றாக்கித் தர நான் முன்வந்தேன். அவன் நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அப்படியே டைப் செய்தேன். பைத்தானில் இருபது வரி புரோகிராம். லேப்பில் அவன் சொல்லித்தந்த அதே வழிதான்: முன்னால் நிற்கிற இருவரில் முந்தியவரை எடு, மறுபடி பார். ஒரு நொடியில் முடிந்தது. பிழை என்று எதையும் கம்ப்யூட்டர் காட்டவில்லை.

ஆடி முடிவதற்குள் நூற்றுப் பத்துப் பேருக்கு ஆபரேஷன் ஆனது. அதில் மலைக்காரர் ஒருவர்கூட இல்லை.

ஆவணி முதல் ஞாயிறு வந்த ராஜதுரை சரியாகச் சாப்பிடவில்லை. “மாதன் மாமா சந்தையில வெச்சி அசிங்கமா கேட்டுட்டாரு. காத்துக்கினு இருந்ததுல ஒரு கண்ணுல அழுத்தம் ஏறிப் போச்சாம். இனி அந்தக் கண்ணு தெரியாதுன்ட்டாங்க. தை ஒம்பதே பேரு குடுத்தேன், நீ எப்படா கொண்டு போயி சேத்த, சோம்பேறின்னு திட்டறாரு. ஊரே அதான் பேசுது.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? நான்தான் லேட்டாக்கிட்டேன் போல.”

மறுநாள் காலை பட்டியலைத் திறந்தேன். மாதன், 9-10. அக்டோபர் இன்னும் வரவே இல்லை என்றுகூட யோசிக்காமல், அக்டோபர் ஒன்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். மலையில் யாரும் அப்படி எழுதுவதில்லை. சித்திரை ஒன்றாம் மாதம் என்றால் தை பத்தாம் மாதம். அந்த வீட்டுச் சுவரில் அவன் கரியால் குறித்து வைத்திருந்த பால் கணக்கு, விதைப்பு நாள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஓராண்டு அதைப் பார்த்துக்கொண்டே சமைத்தவள் நான். தை, மாசி, பங்குனி மூன்றும் என் புரோகிராமுக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர். இரண்டு வரிசையும் கலக்கவே இல்லை. கீழே உள்ளவர்கள் எல்லாரும் முடிந்த பிறகே மலை தொடங்கியிருந்தது. பதினோராவதாக நிற்கவேண்டிய மாதன் நூற்று இருபதுக்கும் பின்னால் போயிருந்தார்.

அறக்கட்டளைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அடுத்த மாதமே மலைக்காரர்களை அழைப்பதாகச் சொன்னார்கள். பிறகு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே மரவள்ளிக் கிழங்கு லாரி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் பஸ் அசையவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. தினமும் நடப்பதுதானாம்.

மாதன் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி. முடிச்சை விரலால் தடவிப் பார்த்துப் போட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை.

“அப்ப அவன் நேரத்துக்குத்தான் குடுத்தானா?”

“ஆமா மாமா. தப்பு என்னுது.”

“சந்தையில நாலு பேரு எதிர்ல காறித் துப்பனேன். ஒரு வார்த்த பேசலியே பாவி. தலைய குனிஞ்சிக்கினே போனான்.” தழையை ஆட்டின் பக்கம் தள்ளினார். “படிச்ச பொண்ணு. தை மாசம் எதுன்னு தெரியாமப் போச்சா உனக்கு?”

“எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல மாமா.”

“கேக்காத. கண்ணு போனது போனதுதான். அவன்கிட்ட போயி சொல்லு. வியாயக்கிழம சந்தையில அதே எடத்துல நான் அவன்கிட்ட பேசிக்கறேன்.”

ராஜதுரை அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மறுபடி மாட்டிக்கொண்டான், விருந்தாளி வந்துவிட்டதுபோல. நான் சொன்னேன். அவன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தமிழ் மாசம்னு நான் மேல எழுதியிருக்கணும்.”

“இல்ல. நீ பங்குக்கு வராத. முழுசா கேளு.” “பட்டியல் முடிஞ்சதும் நான் பாத்தேன். மலைக்காரங்க மொத்தப் பேரும் கடைசீல இருந்தாங்க. யாரு பாத்தாலும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரல. இவங்க எப்பவும் லேட்டுதானேன்னு நெனச்சிட்டேன். உன்னத்தான் நெனச்சேன்.”

அவன் நோட்டை மூடினான்.

“காலேஜ்ல பஸ்ஸு லேட்டுன்னு சொல்லுவனே. நீ ஒருநாள்கூட நம்பலியா?”

“நம்பல.”

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கி வைத்துவிட்டு, “கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்கு. வா, ஏத்தி வுடறேன்” என்றான்.

சாமைக் கொல்லையோரமாக நடந்தோம். எப்போதும் எனக்காக மெதுவாக நடப்பவன், இன்று இரண்டடி முன்னால் போனான். மூன்றரை ஆண்டுகளில் எந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கியிருப்பான். இன்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? மாதனின் கண்ணும், சந்தையில் இவன் குனிந்த தலையும் என் கணக்கில் நிற்கும்போது, தனக்கென்று ஒன்றைக் கேட்பவளை என்னவென்று சொல்வது? இன்றைக்கும் கேட்காமல் பஸ் ஏறினால், இந்த ஜென்மத்தில் கேட்கமாட்டேன் என்பதும் தெரிந்தது.

பஸ் வந்து நின்றது. அவன் கதவுப் பக்கம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டான். கண்டக்டர், “ஏறும்மா, ஏறு” என்றார். நான் ஏறவில்லை.

“தொர.”

திரும்பிப் பார்த்தான்.

“நான் இங்கயே இருந்துடட்டுமா?”