டெல்மர் கொடுத்த குதிரை

"அம்மா நினைவா ஒரு குதிரை கொடுக்கணும்," என்றான் டெல்மர்.

"கொடேன். நொண்டி, கிழம்னு எதையாவது தள்ளிவிட்டுறாதே, ஊரே சிரிக்கும். நல்ல குதிரையா கொடு."

இரண்டு வாரத்துக்கு முன்பு, சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கியபடி ஜோலின்தான் தன் புருஷனிடம் அப்படிச் சொன்னாள். மறுநாள் மாமியாரின் வருஷ நினைவுக்கு அந்த அமெரிக்கப் பழங்குடி ஊர் கூடியது. செத்தவர் பேரில் வந்தவர்களுக்குப் பொருள் கொடுப்பது அங்கே வழக்கம். போர்வையும் பாத்திரமும் கொடுத்து முடிந்ததும், முதுகில் நட்சத்திரம் தைத்த போர்வை போர்த்திய ஒரு குதிரையை டெல்மர் நடத்தி வந்தான். ஜோலினுடைய சாம்பல் குதிரை. வாரம் மூன்று முறை அம்மாவைத் தன் காரில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன வெர்னாவின் கையில் கயிற்றைக் கொடுத்தான்.

ஜோலின் சிரித்த முகத்தோடு வெர்னாவின் கையைக் குலுக்கினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் செத்தவளுக்கல்லவா அவமானம்.

பழங்குடிக் கல்லூரியில் அவள் குதிரையியல் இரண்டாம் ஆண்டு. கை படாத குதிரை ஒன்றைத் தானே பழக்கி, ஏறிக் காட்டுவதுதான் கடைசித் தேர்வு. அதற்காகத்தான் அந்தச் சாம்பல் குதிரையை அவள் பழக்கி வந்தாள். கல்லூரிக் குதிரைகள் ஐந்தும் மற்றவர்களுக்குப் போய்விட்டன. "ஆறு வாரம் இருக்கு," என்றாள் ஆசிரியை ரோமா இன்று காலை. "இன்னிக்கே ஒண்ணு கிடைச்சா முடிக்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

வீட்டுக்கு வந்தபோது டெல்மரும் அவன் தம்பி ஆர்விலும் வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குதிரை இல்லாத குதிரைப் படிப்பு எப்படிப் போகுது, அண்ணி?" என்றான் ஆர்வில். அண்ணியைச் சீண்டுவது அங்கே கொழுந்தனின் பிறப்புரிமை. "நான் வேணா நாலு கால்ல நிக்கட்டுமா?"

"வேணாம். உன் பல்லைப் பார்த்தாலே வயசு தெரிஞ்சுடும்."

டெல்மர் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் பற்றிக்கொண்டது அவளுக்கு.

"சிரிக்கிறியா நீ? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதானே நல்ல குதிரையா கொடுன்னே."

"நீ உன்னோடதைக் கொடுப்பேன்னு நெனச்சேன்."

"நம்மகிட்ட இருந்ததுலயே நல்லது அதுதான். அம்மாவுக்கு வேற எதைக் கொடுக்க?"

"அது எப்படி நல்லதாச்சு? பனியில எழுபது நாள் அது பின்னாடி நடந்தவ நான். என் உழைப்பைக் கொடுத்து நீ பேர் வாங்கிட்டே."

ஆர்வில் சுத்தியலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, டிரக்கில் ஏதோ தேடப் போனான்.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன், டெல்மர். என் கையாலேயே நடத்திக்கிட்டுப் போயிருப்பேன். அதான் வயிறு எரியுது."

டெல்மர் கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தான். "வேணும்னா வெர்னாகிட்ட நான்..."

"அவ வாசல்ல கால் வெச்சே, அப்புறம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

வேலிக்கு அப்பால் மூன்று வயதுச் செவலைக் குதிரை ஒன்று புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. டெல்மர் தனக்கென்று வைத்திருந்தது. இன்னும் யாரும் பழக்காதது. பிறந்த அன்று அதை ஈரத்தோடு துடைத்தவள் ஜோலின். அன்று முதலே அதன்மேல் அவளுக்கு ஆசை. ஆனால் அவர்களிடையே ஒருவர் பொருளை வாய்விட்டுப் புகழ்ந்தால், உடையவர் அதைப் புகழ்ந்தவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அதனால் மூன்று வருஷமாக 'அழகான குதிரை' என்றுகூட அவள் சொன்னதில்லை. அத்தனை மரியாதை பார்த்தவளுக்குத்தான் இந்தக் கதி.

அவள் வேலிக் கம்பியருகே போய் நின்றாள்.

"அந்தச் செவலையை எனக்குக் கொடு," என்றாள்.