காற்றுத் தாங்கியில் எண்ணெய்

கிறிஸ்ரோபர் லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பிறேக்குக்குக் காற்றுக் கொடுக்கும் தாங்கியின் வடிகுழாய்க்கு நேரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் பரமலிங்கம் வளையத்தை இழுத்ததும் காற்று சீறிக்கொண்டு வந்தது. வெறும் தண்ணீர் தெறித்திருந்தால் பிரச்சினையே இல்லை. வெளியே வந்து வெயிலில் தூக்கிப் பார்த்தால், தாளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது.

"பாத்தியே தம்பி, உதுதான் றபரைத் தின்னுறது."

இரண்டு மாதத்தில் மூன்று தரம் பிறேக் வால்வின் றபர் ஊதிப்போய் மாற்றியாயிற்று. இது நான்காவது. மிதித்தால் பிறேக் பிடிக்கும். காலை எடுத்தாலும் விடாது. போன கிழமை ஆனையிறவில் பின் சில்லு புகைந்து, பீற்றூட் மூட்டைகளோடு நடுறோட்டில் நின்றான். முதலாளி மருதனார்மடம் சந்தையில் நாலு பேருக்கு முன்னால், "பிறேக்கிலை காலை வைச்சுக்கொண்டே ஓடுறாய்" என்று கத்தினார். இன்னொரு தரம் பிறேக் போனால் லொறித் திறப்பைத் தந்துவிட்டுப் போகச் சொன்னார். ஒன்பது வருசம் ஓட்டிய லொறி. பிறேக்கைத் தின்கிறவன் என்று சந்தை முழுக்கப் பெயர் எடுத்தவனுக்கு, நாற்பத்தாறு வயதில் வேறு எவன் லொறி கொடுப்பான்?

"கொம்பிறசர் றிங் தேஞ்சிருக்கும். அதாலைதான் என்ஜின் ஒயில் காத்தோடை ஏறுது" என்றார் பரமலிங்கம்.

கொம்பிறசரிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்ற ஒரு மணித்தியாலம் போனது. நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நட்டைத் திருகும் சாவி இரண்டு தரம் வழுக்கி, கிறிஸ்ரோபரின் விரல் மூட்டில் தோல் உரிந்தது. ஒருவழியாகக் கழன்றதும் பரமலிங்கம் உள்ளே விரலை விட்டு இழுத்தார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"சனியன், காய்ஞ்சு கிடக்கு."

எரிச்சலோடு தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். என்ஜின் ஒயில் என்றால் கறுப்பாக இருக்கும். இது மஞ்சள். மோந்து பார்த்துவிட்டு கிறிஸ்ரோபரிடம் நீட்டினார். கழுவாமல் விட்ட வடைச் சட்டியின் மணம்.

"தேங்காயெண்ணெய். ஆரடாப்பா உதுக்கை ஊத்தினது?"

"எனக்கென்ன விசரே அண்ணை? ஞாயிற்றுக்கிழமையிலை வண்டி முதலாளியின்ரை வளவுக்கை நிக்கிறது."

மத்தியானம் முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால், ஒரு பை தேசிக்காயை மடியில் வைத்துக்கொண்டு கோபிசங்கர் இருந்தான். சுன்னாகத்தில் மண் ஏற்றும் ரிப்பர் ஓடுகிறவன். புது றைவர் ஏறும்போதுதான் முதலாளி சில்லுக்குத் தேசிக்காய் வைப்பார்; பையைக் கண்டதுமே கிறிஸ்ரோபருக்கு விளங்கிவிட்டது.

"ஓம், நான்தான் ஊத்தினது" என்றார் முதலாளி, தாளைப் பார்த்து. "றபர் காயாமல் இருக்க ஞாயிறிலை அரைப் போத்தல். சண்டை நேரம் பொருளாதாரத் தடைக்குள்ளை ஒரு சொட்டு ஒயில் இல்லாமல் தேங்காயெண்ணெயிலை பஸ் ஓடினனாங்கள். உங்களுக்கு எங்கை உது தெரியப்போகுது?"

"உந்த றபருக்கு உது நஞ்சு முதலாளி" என்றார் பரமலிங்கம். "குழாயெல்லாம் கழுவி, வால்வெல்லாம் மாத்த வேணும். ரெண்டு நாள் விடுங்கோ."

"ரெண்டு நாளோ? தம்புள்ளைக்கு ஏத்த லோட் காத்துக் கிடக்குது. றபரைத் துடைச்சுப் பூட்டும், வந்து பாப்பம்." பிறகு கிறிஸ்ரோபரிடம் திரும்பினார். "நாளாந்தம் தாங்கியைத் திறந்து விட்டிருந்தால் எண்ணெய் நிண்டிருக்குமே? அது றைவரின்ரை வேலை."

"நீங்கள்தானே திறக்க வேண்டாமெண்டனீங்கள். திரும்பக் காத்து ஏத்த டீசல் போகுதெண்டு."

"வாய் காட்டாதை. திறப்பைத் தா."

கிறிஸ்ரோபர் திறப்பை அவர் கையில் வைத்தான். பரமலிங்கம் முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் பூட்டுகிற நேரத்தில், கபினிலிருந்து தலையணை, உடுக்கும் சாரம், பைபிள், தேத்தண்ணிப் பிளாஸ்க் எல்லாவற்றையும் இறக்கினான். கோபிசங்கர் அவன் முகத்தைப் பார்க்காமல் ஏறினான். புது றைவருக்காக முதலாளி நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தினார்.

கோபிசங்கர் என்ஜினை முடுக்க, தாங்கியில் காற்று ஏறியது. பிறேக்கை ஒருதரம் மிதித்துப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டான். லொறி உறுமியது, அசையவில்லை. இரண்டாம் தரமும் அப்படித்தான். தேசிக்காய்கள் வைத்தபடி கிடந்தன.

முதலாளி பரமலிங்கத்தின் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "கிறிஸ்ரோபர், ஒருக்கா ஏறி எடுத்துக் குடு."

கிறிஸ்ரோபர் தலையணையைத் தகரப் பெட்டிமேல் வைத்துவிட்டு ஏறினான். பெடலை மூன்று தரம் ஓங்கி மிதித்து, கால் பெருவிரலை அதன் அடியில் கொடுத்து மேலே கிளப்பினான். உஸ்ஸென்று காற்று போய்ப் பிறேக் விட்டது. லொறி ஒரு முழம் நகர, நாலு தேசிக்காயும் நசிந்தன. முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டார்.

என்ஜினை நிறுத்தாமலே அவன் இறங்க, கோபிசங்கர் ஏறி உட்கார்ந்தான்.

லொறி சந்தியில் ஒரு பஸ்ஸுக்காக நின்று, பிறகு வளைந்து யாழ்ப்பாண றோட்டில் ஏறியது. கிறிஸ்ரோபர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றான். அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் பின்னால் சிவப்பு பிறேக் லைற் அணையவேயில்லை.