கடைசிப் பெட்டிக்குக் கை காட்டுகிறவன்

ரயில் படமெடுக்கும் என் கூட்டாளி ஒரெஸ்டை வண்டியில் ஏற்றிக்கொள்ளப் போனபோது அவன் வீட்டில் பாதி ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அடுத்த வாரம் மகளோடு இருக்கப் போகிறான். அவள் இருப்பது மேற்குக் கடலில் ஒரு தீவு. கடல் உண்டு, மலை உண்டு, ரயில் மட்டும் ஓடாது.

"அந்த ஊர்ல போய் என்னய்யா பண்ணுவே? கப்பலுக்கா கை காட்டுவே?" என்றேன்.

"காட்டினா என்ன தப்பு? வண்டிய எடு மகராசி" என்று ஏறி உட்கார்ந்தான்.

அன்று எங்களுக்கு ஒரே வேலைதான். நாற்பது பதினாறு என்ற இன்ஜினைப் பிடிக்க வேண்டும். அந்த வரிசையில் வந்த பழைய இன்ஜின்கள் அத்தனையையும் ஒரெஸ்ட் படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறான். அது ஒன்றுதான் பாக்கி. ஒன்று எங்கள் நகரமான வின்னிபெக்கில் அது நிற்கும்போது இவன் காய்ச்சலில் கிடப்பான், இல்லை இவன் போய் நிற்கும்போது அது எங்கோ மலைப்பக்கம் போயிருக்கும். இப்போது அதை யாருக்கோ விற்றுவிட்டார்கள். ரயில் யார்டுக்கு எதிரே டயர் கடை வைத்திருக்கும் கார்த் காலையிலேயே போன் செய்தான், மேற்கே போகிற தானிய வண்டியில் அது இன்று கிளம்புகிறது என்று. வேண்டுமானால் தானே ஒரு படம் எடுத்து அனுப்புவதாகவும் சொன்னான். ஒரெஸ்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தன் கையால் எடுக்காத படம் அவன் ஆல்பத்தில் ஏறாது. அது அவன் சட்டம்.

"கவலைப்படாதே. இன்னைக்கு அத உனக்குப் பிடிச்சுத் தர்றது என் பொறுப்பு" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. வெர்னா தீசன் என்று இந்தப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாழ்நாள் பூராவும் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். கோதுமைக்கும் கடுகுக்கும் நடுவே போகிற எந்த மண்ரோடு எந்தத் தண்டவாளத்தில் போய் முட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நின்றால் இன்ஜினின் முகத்தில் வெயில் விழும் என்பதும் எனக்கு அத்துப்படி.

தானிய வண்டி மதியத்துக்கு மேல்தான் கிளம்பும் என்பதால் காலையில் நகரத்தைச் சுற்றினோம். ஆற்றுப் பாலத்தில் ஒரு கண்டெய்னர் வண்டி கிடைத்தது. பாலம் மொத்தமும் கிடுகிடுத்தது, எனக்கு அருமையான படம் அமைந்தது. படம் எடுத்ததும் காமிராவை இறக்கிவிட்டேன். ஒரெஸ்ட் மட்டும் நகராமல் நின்று, கடைசிப் பெட்டி போகும்போது கையை உயர்த்திக் காட்டினான்.

இது அவனுக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள வழக்கம். அந்தக் காலத்தில் கடைசிப் பெட்டியில் ஆட்கள் இருப்பார்கள், திரும்பக் கை காட்டுவார்கள். இப்போது அங்கே மினுக்குகிற சிவப்பு விளக்கைத் தவிர ஈ காக்கை கிடையாது.

"அங்க யாருய்யா இருக்கா? விளக்கா கை காட்டப் போகுது?"

"வழியனுப்பறதுக்கு ஆள் எதுக்கு?" என்றான்.

மதியம் ஊருக்கு மேற்கே ஒரு லெவல் கிராசிங் அருகே, தண்டவாளத்துக்குத் தெற்கே வண்டியை நிறுத்தினேன். கறுப்பு ரொட்டியும் பூண்டு சாசேஜும் சாப்பிட்டோம். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பினோம். கொசு எங்களைக் கொறித்தது. மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கடுகு வயலுக்கு அப்பால், வானமும் தரையும் சேருகிற இடத்தில், ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

"வருது" என்றான் ஒரெஸ்ட்.

இந்தச் சமவெளியில் வெளிச்சம் தெரிந்த பிறகும் ரயில் வந்து சேர வெகு நேரமாகும். காத்திருந்தோம். வந்தது. முன்னால் இரண்டு இன்ஜின்கள். இரண்டும் புதுசு, பளபளவென்று. நாற்பது பதினாறு இல்லை.

"கார்த் கப்சா விட்டிருக்கான்!" என்று கத்தினேன். 

"பின்னாடி இருந்து தள்ளுதோ என்னவோ" என்றான் ஒரெஸ்ட்.

"பின்னாடியிருந்து தள்ளணும்னா, முன் இன்ஜின்லேர்ந்து அத ஓட்ட ரேடியோ கருவி வேணும். அந்தக் கிழத்துக்கு ஏதுய்யா அது? வா, யார்டுக்கே போயிடலாம். அங்கதான் நின்னுட்டிருக்கும்." அவன் கழுத்திலிருந்த காமிராவை நானே கழற்றி, பைக்குள் போட்டு, பையை வண்டிக்குள் வைத்துவிட்டு ஏறி ஸ்டார்ட் செய்தேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

தானியப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரெஸ்ட் ஏறவில்லை. "இரு, கடைசிப் பெட்டி போகட்டும்" என்றான். நான் ஹாரன் அடித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை உயர்த்தினான். உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

கடைசியாக வந்தது பெட்டி அல்ல. வெயிலில் வெளுத்த சிவப்பில், புகை இல்லாமல், சத்தம் இல்லாமல், பெட்டியோடு பெட்டியாகக் கோத்து இழுத்துப் போகப்பட்டது நாற்பது பதினாறு. விற்றுப்போன இன்ஜின் எதைத் தள்ளப் போகிறது? சும்மா இழுத்துப் போவதை எங்கே வேண்டுமானாலும் கோக்கலாமே! எல்லாம் தெரிந்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை.

"வெர்னா, காமிரா..." என்றான். அதற்குள் அது தாண்டிப் போய்விட்டது.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

அப்போதுதான், ரயில்காரர்கள் பேசுவதைக் கேட்க டாஷ்போர்டில் நான் வைத்திருந்த ரேடியோ கரகரத்தது. எதிரே ஒரு கண்டெய்னர் வண்டி வருகிறது, தானிய வண்டி அடுத்த ஊரில் லூப் லைனில் ஒதுங்க வேண்டும் என்று உத்தரவு. ஒதுங்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

"பெல்ட்டப் போடு" என்றேன்.

"விடு வெர்னா. கிடைக்காது."

"வாய மூடிட்டு உக்காரு. பொறுப்பு என்னுதுன்னு சொன்னேன்ல?"

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒருநாளும் ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன். பின்னால் புழுதி மலை மாதிரி எழுந்தது. தண்டவாளத்தை ஒட்டிப் போகிற மண்ரோடு, அப்புறம் பழைய தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு குறுக்கு வழி. வரைபடத்தில் இருக்காது, என் மண்டையில் இருக்கும். ஊர் எல்லையில் பிரேக் போட்டபோது தானிய வண்டி லூப் லைனுக்குள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. வால் இன்னும் வரவில்லை. வெயில் எங்கள் பக்கம்.

பையைத் திறந்து காமிராவை அவனிடம் நீட்டினேன். "எடுய்யா. உன் சிவப்புக் கிழவி வர்றா."

வாங்கினான். அதையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு என் கையிலேயே திரும்பத் திணித்தான்.

"நீ எடு."

"பைத்தியமா உனக்கு? நான் எடுத்தா ஆல்பத்துல ஏறாதே!"

"ஏறும். நான் அதுல இருப்பேன்ல." சொல்லிவிட்டுத் தண்டவாளத்துப் பக்கம் நாலடி நடந்தான். "அங்க போனா யாருக்குக் கை காட்டுவேன், சொல்லு."

காமிராவைக் கண்ணில் வைத்தேன். எண் தெளிவாக விழ வேண்டும், அவன் முகத்தில் நிழல் விழக் கூடாது. இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தேன். நாற்பது பதினாறு மெல்ல வந்தது. ஒரெஸ்ட் தொப்பியைக் கழற்றிக் கையை உயர்த்தினான். சரியான நொடியில் அழுத்தினேன்.

அருமையான படம். பார்க்காமலே தெரிந்தது எனக்கு. ஆனாலும் அவன் கையை இறக்கும்வரை நான் காமிராவை இறக்கவில்லை.