ஏட்டையா வீட்டு பி.பி. நம்பர்

நம்பி நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ராஜபாளையத்து மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்றால் ஊரில் பெரிய மரியாதைதான், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான் என்று பேர். உள்ளே அவன் செய்ததெல்லாம் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அது கேட்பதற்குப் பதில் சொன்னதுதான். மெட்ராஸில் யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர் அது. மணியடித்து, டேப் மாட்டியாச்சா என்று கேட்கும். பேப்பர் தீர்ந்துவிட்டது, நிற்கவா போகவா என்று கேட்கும். பதில் தட்டாவிட்டால் சேற்றில் படுத்த எருமை மாதிரி அங்கேயே கிடக்கும். ராத்திரி ஷிப்டு முழுக்க இப்படிப் பதில் சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும்போது கண்டக்டர் "எங்க போகணும்?" என்று கேட்டாலே அவனுக்கு எரிச்சல் வரும்.

தொண்ணூற்று மூன்றில் மில்லுக்கு ஸுந்தரராஜன் என்ற புரோகிராமர் வந்தான். நாலு நாள் நம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல ஒரே பதிலைத்தானே சார் தட்டுறீங்க? அதை மெஷினே தட்டிக்கிடும்" என்றான். சொன்னபடி எழுதியும் கொடுத்தான். இன்ன செய்தி வந்தால் இன்ன பதில். தெரியாத கேள்வி வந்தால் மெஷின் ஆபரேட்டர் வீட்டுக்குப் போன் போடும். எடுத்தால் ஆள் பேசாது, விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் ஆபரேட்டர் புறப்பட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு விட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும். ஆள் வராவிட்டால் அந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இனி நம்பிக்குப் பகல் ஷிப்டு மட்டும் போதும்.

"உங்க வீட்டு நம்பர் சொல்லுங்க சார்."

நம்பி வீட்டில் போன் ஏது? ஆனால் நம்பர் இல்லாத வீடு அந்தக் காலத்தில் உண்டா? பக்கத்து வீட்டு நம்பரைச் சொல்லி, கூடவே பி.பி. என்று சேர்த்துக்கொண்டால் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சடித்தார்கள். மடவார் வளாகத்தில் நம்பிக்கு அடுத்த வீடு ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு கண்ணுச்சாமியுடையது. டயலில் சின்னப் பூட்டு, மேலே மகள் பாலம்மாள் பூ வேலை செய்த உறை என்று அவர் வீட்டுப் போன் ராஜாவாக உட்கார்ந்திருந்தது. நம்பி அந்த நம்பரைக் கொடுத்தான். சாயங்காலம் ஏட்டையாவிடம், "மில்லுல இருந்து போன் வந்தா ஒரு குரல் கொடுங்க" என்றும் சொன்னான். "அதுக்கென்ன தம்பி" என்றார் அவர். எடுத்தால் ஆள் பேசாது, விசில்தான் வரும் என்ற மிச்சப் பாதியைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பாயைப் பார்க்கிற அவசரம்.

பிறகு அவன் தூங்கினான். அடித்துப்போட்டது போலத் தூங்கினான். ஏட்டையா ஒருநாளும் குரல் கொடுக்கவில்லை. காலையில் மில்லுக்குப் போனால் ஒன்றிரண்டு வேலைகள் ஓரமாகக் கிடக்கும். கூப்பிட்டிருக்குமே, போன் ஏன் வரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிப்பான். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று அவனே பதில் சொல்லிக்கொண்டு, அந்த வேலைகளை முடித்துவிடுவான். தூங்குகிற புலியை எவனாவது தட்டி எழுப்புவானா?

ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவி ஜயலக்ஷ்மி காபியை வைத்துவிட்டுச் சொன்னாள். "பக்கத்து வீட்டுக் கூத்து தெரியுமா? பாலாவக் காலேஜுக்கு விட மாட்டேங்காராம் ஏட்டையா. எவனோ ஒருத்தன் நேரங்காலம் இல்லாம போன் பண்ணுதானாம். எடுத்தா பேசுறதில்ல. விசிலடிக்கானாம்."

நம்பி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"யாருட்டி அவன்னு கேட்டு அடிச்ச அடியில கன்னம் வீங்கிக் கெடக்கு. கடைசி வருசம், பாவம். நேத்துப் பரீட்சை போச்சு. நாளைக்கும் வெள்ளிக்கெழமையும் இன்னும் ரெண்டு இருக்காம். அதுக்காவது விடுவாரான்னு அவ அம்மா அழுதுக்கிட்டு இருக்கா."

சுவருக்கு அந்தப்பக்கம்தான் ஏட்டையா வீடு. எழுந்து பத்தடி வைத்தால் போதும். அது என் மெஷின் போட்ட சத்தம் ஏட்டையா என்று ஒரு வார்த்தை. நம்பி எழுந்திருக்கத்தான் செய்தான். ஆனால் சொன்னால் மெஷினிலிருந்து அந்த நம்பரை எடுக்க வேண்டும். நம்பரை எடுத்தால் கூப்பிட வழியில்லை. மேனேஜர் மறுபடி அவனை ராத்திரி ஷிப்டில் உட்கார்த்திவிடுவார். அந்த மணிச்சத்தத்தை நினைத்ததுமே உடம்பு கெஞ்சியது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினான். சாயங்காலம், ஏட்டையா கோபத்தில் இருப்பார், ஆறட்டும் என்று படுத்தான். புதன்கிழமை, மேனேஜரிடம் முதலில் பேசுவோம் என்று நினைத்தான், பேசவில்லை. அலுத்த மனசுக்குச் சாக்குக் கண்டுபிடிக்க மட்டும் அலுப்பே கிடையாது. தூக்கமும் போய்விட்டது என்பதுதான் வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவழியாக அந்த வீட்டுப் படி ஏறி, மெஷின் விஷயத்தைச் சொன்னான். ஏட்டையா கேட்டார், கடைசிவரை கேட்டார். ஆயுசு பூராவும் பொய் கேட்டுப் பழகிய காது.

"யாரக் காப்பாத்த வாரீரு? மெஷினாவது போன் பண்ணுறதாவது!"

இப்படிக் கேட்பார் என்று தெரிந்துதான் நம்பி வந்திருந்தான். ஆறு மணிக்கு மில்லில் ஒரு வேலை தானாகத் தொடங்கும். அதற்கு வேண்டிய டேப்பை வேண்டுமென்றே மாட்டாமல் விட்டிருந்தான். "செத்த நேரம் இருங்க ஏட்டையா. ஆறடிச்சதும் அது கூப்பிடும். நீங்களே எடுங்க."

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மடவார் வளாகத்துக் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. போன் அடித்தது.

ஏட்டையா எடுத்துக் காதில் வைத்தார். அந்த விசில் நம்பி உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் கேட்டது. அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக ரிசீவரை வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. எடுத்தார், அதே சத்தம். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தக் கையால்தானே அடித்தார்.

"பாலா" என்று கூப்பிட்டார். "இங்க வா, தாயி."

பாலம்மாள் வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வீக்கம் வற்றிப் பச்சையாகக் கன்றியிருந்தது.

"எல்லாத்தையும் நம்பி சொல்லிட்டாரு. எந்தப் பயலும் இல்லையாம், மெஷினாம். அப்பனுக்குத் தெரியாமப் போச்சு. நாளைக்கே காலேஜுக்குப் போ, தாயி."

"நான் அன்னைக்கே சொன்னேனேப்பா, மனுசன் அடிக்கிற விசில் மாதிரி இல்லன்னு" என்றாள். அழவில்லை. "வெள்ளிக்கெழமையோட பரீட்சை முடிஞ்சிட்டுப்பா."

ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டார். அவள் நம்பி பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

இத்தனை வருஷம் பதில் சொல்லியே பிழைத்தவன். நேற்றுத்தான் என்று சொல்ல வாய் வந்தது. அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"செவ்வாக்கெழமை" என்றான்.

மூன்றாம் தடவையாகப் போன் அடித்தது. ஆண்கள் இருவரும் அசையவில்லை. பாலம்மாள் வந்து ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமல், தான் பூ வேலை செய்த உறையின் மேல் தனியாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.