அடுப்படி சுவிட்சு

ஒயரிங்காரர் மாதேஸ்வரன் சுவரில் துளை போட்ட சத்தத்தில், மச்சில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த எலிகளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கே இறங்கிப் போயிருக்கும். மிளகு மூட்டைகளை அப்புறப்படுத்திக் கழுவிக் கழுவி ஊற்றியும் அந்தப் பலகை மச்சில் காரம் போகவில்லை. அவர் தும்மிய தும்மலில் கூரை ஓடு நாலு இடம் மாறியது. சுமித்ராவுக்கு அதுவும் நாதஸ்வரமாகவே கேட்டது. புருஷன் வீட்டை விட்டு வந்து, அண்ணன் வீட்டு அடுப்படி மூலையில் தையல் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே படுத்துக் கிடந்தவளுக்குத் தனியாக ஓர் அறை! டியூப் லைட், ஃபேன், மெஷின் மோட்டாருக்கென்றே ஒரு பிளக்.

"சுவிட்சு போர்டு எங்கீங்க வெக்கறது? மேலயா?"

சுமித்ரா வாய் திறப்பதற்குள் படிக்கட்டில் அண்ணி தாரணியின் தலை முளைத்தது. தாரணியின் அன்பு பலாப்பழத்துப் பால் மாதிரி. ஒட்டினால் எண்ணெய்க்கும் மசியாது.

"மேல எதுக்குங்க? புள்ள இருட்டுல தடவிக்கிட்டு ஏறோணுமா? என்ற அடுப்படியில வெச்சிருங்க. இவ ஏறறதுக்கு முந்தியே பளிச்சுனு போட்டுருவேன். என்ன கண்ணு?"

"மேலயும் ஒண்ணு வெச்சா ரெண்டு பக்கமும் போட்டுக்கலாமுங்க," என்றார் மாதேஸ்வரன்.

"எலி இருக்கற எடம். ஒயரைக் கடிச்சுத் தீப்புடிச்சா ஆரு பதில் சொல்றது?"

அண்ணன் கதிர்வேல் உத்தரத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்த உத்தரத்தை அவன் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததே இல்லை. சோறு போடுகிறவர்களிடம் சுவிட்சுக்கா சண்டை என்று நினைத்து, "சரிங்க அண்ணி," என்றாள் சுமித்ரா. பிரேக் அறுந்த லாரிகூட மலையின் எழுபது வளைவையும் அத்தனை சுலபமாக இறங்கியிருக்காது.

கொஞ்ச நாள் சொர்க்கம்தான். பேளுக்குறிச்சிச் சந்தையில் துணி எடுத்தவர்களெல்லாம் நேராக மச்சேறி வந்தார்கள். அப்புறம் தாரணிக்குக் கரண்டு பில் மேல் கரிசனம் பிறந்தது. பகலில் லைட்டு எதற்கு? மிக்ஸி ஓடும்போது மெஷின் எதற்கு? வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் தரையில் தட்டிக் கேட்க வேண்டியது. தட்டினால் உடனே, "ஆரு?" என்பாள், மச்சில் ஊரே குடியிருப்பது போல. அதன் பிறகுதான் சுவிட்சு. தட்டத் தட்டப் பலகை இடுக்கிலிருந்த பழைய மிளகுத் தூசி கீழே கொட்டியதில், அந்த வீட்டு ரசத்துக்குத் தனியாக மிளகு நுணுக்கும் வேலையே ஒழிந்தது. விருந்தாளி வந்தால், "எங்க நாத்தனாளுக்கு மாடி கட்டிக் குடுத்திருக்கறமுங்க," என்று தாரணி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பாள். மேலே சுமித்ரா திருவிழா சீரியல் பல்பு போல மின்னி மின்னி மறைவாள்.

இன்று அவள் தைத்துக்கொண்டிருந்தது தாரணியின் ரவிக்கை. விடிந்தால் பங்காளி வீட்டுக் கல்யாணம். இரண்டாவது கை பாதி ஏறியிருந்தபோது மெஷின் ஒரு விக்கலோடு நின்றது. ஜன்னலில் மழை இருட்டு. கீழே டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்தாள்.

"போட்டு உடேன். உன்ற ரவிக்கையத்தான தெக்கறா," என்றது அண்ணன் குரல்.

"கேக்கட்டுங்க. வாயில்லையா? கேட்டா நானென்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

அண்ணன் பார்ப்பதற்குக் கீழேயும் ஓர் உத்தரம் இருந்தது.

சுமித்ரா கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் மடியில் வைத்தாள். ரவிக்கையைத் தடவி ஊசி நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். இருட்டுக்குள் ஊசி இறங்கியது. எதில் இறங்கியதென்று தெரியவில்லை. இன்னொரு தரம் தள்ளினாள்.