கேப்டனின் கட்டைவிரல்

மூப்பர் டோல்மனுக்கு வயது இருபது. மீசை முளைப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சட்டையில் மாட்டியிருந்த கறுப்புப் பட்டையில் ‘மூப்பர்’ என்றுதான் எழுதியிருந்தது. மார்மன் சபையில் ஊழியத்துக்குப் புறப்படும் பையன்களுக்கெல்லாம் அதுதான் பட்டம். ஐடஹோவின் உருளைக்கிழங்குக் காடுகளை விட்டு நெதர்லாந்துக்கு வந்து, லேவார்டன் ஊரின் கதவுகளையெல்லாம் தட்டித் தீர்த்துவிட்டான். ஊர்க்காரர்கள் நல்லவர்கள். கதவைச் சாத்தும்போதுகூட அவன் விரல் நசுங்காமல் பார்த்துத்தான் சாத்தினார்கள்.

இதுவரை ஒருவருக்கும் அவன் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை. இப்போது வாராது வந்த மாமணியாக ஒருவர் வந்திருந்தார். வீபே. சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன், இன்றும் அதே படகில்தான் குடியிருக்கிறார். நிலைப்படிகளுக்கெல்லாம் குனிந்து குனிந்தே வணக்கமான சுபாவம் வந்துவிட்ட அளவுக்கு உயரம். சனிக்கிழமை ஞானஸ்நானம் என்று நாள் குறித்தாயிற்று.

திங்கட்கிழமை, துணி துவைக்கும் கடையில் வெள்ளைச் சட்டைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைமையிடத்திலிருந்து போன் வந்தது. அடுத்த திங்கள் டோல்மனுக்குப் பெல்ஜியத்துக்கு மாற்றல். சனிக்கிழமை தவறினால் கேப்டனை முழுக்காட்டப்போவது வேறு எவனோ.

“பேசாம நான் செஞ்சிடறேன்டா,” என்றான் மூப்பர் மாஃபி. இவன் டோல்மனின் ஊழியத் துணை. டோங்கா தீவுக்காரன், ரக்பி ஆடிய உடம்பு. “நீ அவர் இடுப்புக்குத்தான் வர்ற. அவரைச் சாய்ச்சா கிரேன் வச்சுத்தான் தூக்கணும்.”

“அவர் என்னைத்தான் கேட்டாரு.”

“நீ சைக்கிளோட கால்வாய்ல விழுந்த பரிதாபம் அவருக்கு.”

அது உண்மைதான். எதிர்காற்றில் மிதித்துக்கொண்டே புன்னகைக்கவும் முயன்றதில் டோல்மன் நேராகக் கால்வாயில் இறங்கியிருந்தான். படகுக் கொக்கியால் அவனைக் காலரோடு தூக்கிப் போட்டவர் வீபே. பிறகு பாடம் கேட்டார், நம்பினார், கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: “நான் உன்னைத் தண்ணியிலேர்ந்து எடுத்தேன். என்னை நீதான் முக்கி எடுக்கணும். வேற பய கை வைக்கக் கூடாது.”

புதன்கிழமை படகுக்குப் போனார்கள். சபை விதிப்படி வீபே காப்பியை விட்டிருந்தார். காப்பிக் கூஜாவில் இப்போது செடி வளர்ந்தது. அந்த ஊரில் ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட், அப்புறம் டப்பாவை மூடிவிடுவார்கள். காப்பியே இல்லாத வீட்டில் எதை வைத்துக் கணக்குப் போடுவது? டப்பா திறந்தே கிடந்தது. மாஃபி இதை ஆண்டவரின் கிருபை என்றே எடுத்துக்கொண்டான்.

“ஏம்ப்பா, ரொட்டி வாங்கக்கூட ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்க. ஒரு ரொட்டி அவ்வளவு கனமா?”

“விதி, கேப்டன். தனியா எங்கயும் போகக் கூடாது. துணை கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்.”

“நல்ல விதிதான்.” வீபே ஜன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்தார். குரல் இறங்கியது. “தம்பி, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்கு நீச்சல் தெரியாது. தலையைத் தண்ணிக்குள்ள விட்டதே இல்லை. காலம் பூரா படகுல இருந்தது எதுக்குன்னு நெனச்ச? உள்ள விழாம இருக்கத்தான்.”

மாஃபி சிரிக்கவில்லை. பிஸ்கட் புரையேறியதால் இருமினான்.

வியாழனும் வெள்ளியும் அறையில் ஒத்திகை. மாஃபி கேப்டனாக நின்று மூக்கைப் பிடித்துக்கொள்வான். டோல்மன் வலக்கையை உயர்த்தி, ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி, அவனைக் கம்பளத்தில் சாய்ப்பான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்துத் தம் கருத்தைச் சொல்வார். வெள்ளி மாலைக்குள் கை பழகிவிட்டது. கம்பளத்தில் கால் மிதக்காது என்பது மட்டும் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

சனிக்கிழமை சபைக் கூடத்தில் தொட்டி நிரம்பியது. வீபேயின் உயரத்துக்கு வெள்ளை உடை கிடைக்காமல், கால்சட்டையின் கீழ்ப்பாதியைச் சபைச் சகோதரி யிக்கே தன் மேஜைவிரிப்பைக் கிழித்துத் தைத்திருந்தாள். யிக்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். இன்று இரண்டு சாட்சிகளில் ஒருத்தி, மற்றவன் மாஃபி. முழுக்கு என்றால் முழுக்கு. ஒரு முடி வெளியே நின்றாலும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பார்ப்பதுதான் சாட்சிகளின் வேலை.

டோல்மன் ஜெபத்தைச் சொல்லிச் சாய்த்தான். வீபே கட்டையாக விறைத்துக்கொண்டு போனார், வந்தார். கூடம் பெருமூச்சு விட்டது.

“கால் கட்டைவிரல் வெளியே நின்னுது,” என்றாள் யிக்கே.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே, சகோதரி,” என்றான் மாஃபி.

“அதுக்குத்தான் ரெண்டு சாட்சி வச்சிருக்காங்க.”

மறுபடி ஜெபம். மறுபடி சாய்த்தான். இம்முறை கட்டைவிரல் உள்ளே போனது, முழங்கால் மேலே வந்தது, தீவு மாதிரி. யிக்கே சுட்டுவிரலை மட்டும் நீட்டினாள். மாஃபியாலும் மறுக்க முடியவில்லை.

வீபேயின் உதடு நீலம் பாரித்திருந்தது, குளிரால் அல்ல. தொட்டிச் சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். “ஏம்மா யிக்கே, முழங்காலைத் தள்ளுபடி பண்ணக் கூடாதா?”

“கணக்குல தள்ளுபடி கிடையாது, வீபே.”

“அப்ப என்னால ஆகாது, தம்பி. பயத்துல ஒடம்பு தானா மேல வருது. இன்னைக்கு வேணாம்.”

டோல்மனுக்குப் பெல்ஜியம் கண்ணெதிரே வந்து நின்றது. கேப்டனை நம்பவைக்க எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவரே முணுமுணுத்தார்: “நீ தலை நனையாம நிக்கிற. என்னை மட்டும் அமுக்குற. ரொட்டி வாங்கவே ரெண்டு பேர். இதுக்கு மட்டும் நான் தனியாவா?”

டோல்மன் யிக்கேயைப் பார்த்தான். “சகோதரி, கூட நானும் முங்கினா விதியில தப்பு உண்டா?”

யிக்கே சற்று யோசித்தாள். “அவர் முழுசா முங்கணும்னு இருக்கு. நீ நனையக் கூடாதுன்னு எங்கயும் இல்லை.”

“வாங்க, கேப்டன். சேர்ந்தே போவோம்.”

மூன்றாம் முறை ஜெபம். ‘ஆமென்’ சொன்ன கையோடு டோல்மன் மூச்சை இழுத்து, அவர் மணிக்கட்டை விடாமல், தானும் மடங்கினான். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எதிரே வீபே, கன்னம் உப்ப, மூக்கைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு தளர்ந்தது. முழங்கால் மடிந்தது. மேஜைவிரிப்பு மெல்லப் படிந்தது. மேலே நாலைந்து குமிழி மட்டும்.

தண்ணீர் தெறிக்க இருவரும் எழுந்தார்கள். யிக்கே கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினாள்.

“கேப்டன் முழுசாப் போனாரு. மூப்பரும் முழுசாப் போனாரு.” சுட்டுவிரல் டோல்மன் பக்கம் திரும்பியது. “மூப்பர் கணக்குல வரமாட்டார்.”

மாஃபி போட்ட கூச்சலுக்குக் கீழ்வீட்டுக்காரர் இருந்திருந்தால் துடைப்பமே முறிந்திருக்கும். வீபே டோல்மனைக் குழந்தைபோல் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பாதித் தொட்டி தரைக்கு வந்தது.

“ஏம்மா யிக்கே, இன்னொரு தடவை போய்ட்டு வரட்டுமா? உள்ள நல்லாத்தான் இருக்கு.”

“ஒரு தடவைதான். ஏறி வா, சளி பிடிக்கும்.”

திங்கள் காலை ரயிலடியில் வீபே பிஸ்கட் டப்பாவை டோல்மன் கையில் திணித்தார். புதிய துணைக்காகக் காத்திருந்த மாஃபி, டப்பா போகிற திசையையே வெறித்தான்.

“பெல்ஜியத்துலயும் கால்வாய் உண்டு,” என்றார் வீபே. “சிரிச்சுக்கிட்டே சைக்கிள் மிதிக்காதே. அங்க கொக்கியோட எவன் நிப்பான்னு தெரியாது.”